பதினான்காம் மனையில் தண்ணீர்

அந்த ஏரி எந்தக் காலத்திலும் யாரிடமும் அனுமதி கேட்டு நிரம்பியதில்லை. மழை பெய்தால் நிரம்பும், வெயில் அடித்தால் குறையும், வலை போட்டவனுக்கு மீன் கொடுக்கும், கரையில் காலை நீட்டிப் படுத்தவனுக்குக் காற்று கொடுக்கும். இவ்வளவும் ஒரு விண்ணப்பம்கூட இல்லாமல் பல தலைமுறையாக நடந்துவந்திருக்கிறது என்று நினைத்தால் பொறுப்புள்ளவர்களுக்கு உடம்பு நடுங்கத்தானே செய்யும்? அந்த அராஜகத்துக்கு முடிவுகட்ட, ஏரிக்கரைப் பொழுதுபோக்கு ஒழுங்காற்று வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

வாரியம் முதல் வருடம் ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. இரண்டாம் வருடம் ஏரியைப் பார்த்தபடி ஒரு மாடிக் கட்டடம் கட்டி, ஏரி தெரிகிற பக்கத்து ஜன்னல்களையெல்லாம் பீரோக்களை வைத்து மறைத்தது. மூன்றாம் வருடம் பலகைகள் நட்டது. 'இங்கே இளைப்பாறுங்கள்' என்று ஒரு பலகை. அதற்கு நாலடி தள்ளி, 'அனுமதியின்றி இளைப்பாறுவது தண்டனைக்குரியது' என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயிண்டர்தான் எழுதினான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நம் பைண்டருக்கும் தோன்றவில்லை. பக்கத்து ஊரில் புத்தகம் கட்டுகிற கடை வைத்திருந்தவர் அவர். கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் அரசு அலுவலகப் பதிவேடுகள். பிரிந்துபோன பக்கங்களை அடுக்கி, ஊசியால் தைத்து, பசை தடவி, முதுகுக்குத் துணி ஒட்டி, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து இறுக்கி எடுத்தாரென்றால் அதற்குப் பிறகு அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளையும் உருவ முடியாது. முப்பது வருடம் காகிதத்தோடு குடித்தனம் நடத்திய மனுஷர். எழுதி, முத்திரை குத்தி, தைத்துவிட்ட விஷயம் பொய்யாக இருக்க வழியில்லை என்று மனதார நம்பினார். "எனக்குக் காய்ச்சல்னு சொன்னா நெத்தியத் தொட்டுப் பார்க்க மாட்டார், ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் கேப்பார்" என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்த மனைவிக்கு அந்த வருடம் வயிற்றில் அறுவை சிகிச்சை. நாலு மாதம் பின்கட்டு அறையில் படுத்திருந்தாள். அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஏரிக்கரையில படுத்திருக்கணும்ங்க. கண்ணு முழிச்சா தண்ணி தெரியணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

ஏரி அவள் பிறந்த ஊரில் இருந்தது. அவளுடைய அண்ணன் அந்த ஏரியில் படகும் வலையும் வைத்துப் பிழைத்தவர். வாரியம் வருவதற்கு முன்னால் வருடாவருடம் கோடையில் இவர்கள் போவார்கள். கரையில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கிடப்பார்கள். அண்ணன்காரர் மீனைக் கொண்டுவந்து போடுவார். இந்தத் தடவையும் அவர் ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "அனுமதியாவது மண்ணாவது. நேரா என் வீட்டுக்கு வாங்க மாப்ள. விடியக்காலம் படகுல ஏத்தி நடு ஏரிக்கே கூட்டிட்டுப் போறேன் தங்கச்சிய. எவன் கேக்கறான்னு பார்ப்போம்."

"வேணாம் மச்சான். முறைன்னு ஒண்ணு வந்திருக்கு. முறையாவே போவோம்" என்றார் பைண்டர். நல்ல மனுஷர்களின் வாயிலிருந்து வருகிற இந்த மாதிரிப் பேச்சால்தான் பாதி நாடு நாசமாகிறது.

'இயற்கை அனுபவ விண்ணப்பம்' பதினொரு பக்கம் இருந்தது. விண்ணப்பதாரர் எதிர்பார்ப்பது அமைதியா, களிப்பா, தனிமையா, ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும். சூரிய உதயத்தைப் பார்க்க உத்தேசமா? ஆம் எனில், எவ்வளவு நேரம்? இதற்கு முன் இயற்கையால் ஏமாற்றம் அடைந்ததுண்டா? கூடாரத்தின் புகைப்படம் இரண்டு இணைக்கவும். கூடாரம் விரித்த நிலையில், நிமிர்ந்து, முன்பக்கம் தெரியும்படி இருக்க வேண்டும். அனுமதிக்கு முன் கூடாரம் விரிப்பது குற்றம் என்று அதே பக்கத்தின் அடியில் இருந்தது. பைண்டர் யோசித்து யோசித்துக் கடைசியில் கடைக்குள்ளேயே பதிவேட்டு அடுக்குகளுக்கு நடுவில் கூடாரத்தைக் கட்டிப் படம் எடுத்தார். கடைக்குள் கூடாரம் கட்டக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் மூன்று நாள் 'திறந்தவெளி அறிமுக வகுப்பு'க்கு வரச் சொன்னார்கள். வகுப்பு மாடியில், கதவு ஜன்னல் அடைத்த கூடத்தில் நடந்தது. வெளியிலிருந்து வெளிச்சம் வந்தால் வெளியைப் பற்றிய படங்கள் திரையில் சரியாகத் தெரியாதாம். முதல் நாள் காற்று. மின்விசிறியை ஒன்றிலும் இரண்டிலும் மூன்றிலும் வைத்துக் காட்டினார்கள். இரண்டாம் நாள் அடுப்புத் தீ மூட்டுவது எப்படி என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். ஏரிக்கரையில் தீ மூட்டத் தடை இருந்ததால் பரீட்சைக்கு மட்டும் படித்தால் போதும். மூன்றாம் நாள் உதவி இயக்குநரே வந்து பேசினார்.

"பொதுமக்கள் என்ன பண்றாங்க? நேரா ஏரிக்குப் போயிடறாங்க. போய்ப் பார்க்கறாங்க. பார்த்து சந்தோஷப்பட்டுட்டு வீட்டுக்கும் போயிடறாங்க! எதுக்கு சந்தோஷப்பட்டாங்க, முறையா பட்டாங்களா, யார் மேற்பார்வையில பட்டாங்க, ஏதாவது பதிவு இருக்கா? நாளைக்கு ஒரு அதிகாரி வந்து கேட்டா நாங்க என்னத்தைக் காட்டுவோம்?"

பைண்டர் தலையாட்டினார். பதிவு இல்லை என்பது அவருக்கே நெருடலாகத்தான் இருந்தது. இரும்பு நாற்காலியில் மூன்றாவது நாளாக வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மனைவி கையைத் தூக்கினாள்.

"சார், ஏரிய எப்ப காட்டுவீங்க?"

"அது அடுத்த கட்டம்மா" என்றார் உதவி இயக்குநர். பீரோவுக்குப் பின்னால் ஏரி இருந்தது.

அனுமதிச்சீட்டு வந்தது. வழவழப்பான தாள், இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. கூடாரம் போட மனை எண் பதினான்கு, இரண்டு நாள். பைண்டர் அதைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டுக்கொண்டு, கூடாரத்தையும் பாயையும் மனைவியையும் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப்போனார். வேலி வாசலில் காவலர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஏரியைக் காட்டினார். கரையிலிருந்து முப்பதடி தள்ளி, தண்ணீருக்கு நடுவில் ஒரு கம்பம் நின்றது. கம்பத்தில் 14 என்று எழுதிய தகரம். தகரத்தின்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"அது தண்ணியில இருக்கே?" என்றார் பைண்டர்.

"ஆமா."

"எப்படிங்க கூடாரம் போடறது?"

"அது உங்க சௌகரியம். சீட்டுல தரைன்னு போட்டிருக்கா? மனைன்னுதான போட்டிருக்கு."

விஷயம் இதுதான். மனைகளுக்கு வரைபடம் போட வந்தவர்கள், மூன்று வருடம் மழையே பொய்த்துப்போன ஒரு கோடையில் வந்திருந்தார்கள். ஏரி சுருங்கி நடுவில் ஒரு குட்டையாகக் கிடந்தது. அந்தக் குட்டையைச் சுற்றி அழகாக நாற்பது மனை வரைந்துகொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் மழை பெய்தது. ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒன்று முதல் எட்டு வரைக்கும்தான் கரையில் இருந்தன. அந்த எட்டும் ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளுக்கு ஒதுக்கியவை. எந்த அதிகாரியும் ஆய்வுக்கு வந்ததில்லை என்பதால் அங்கே புல் நன்றாக வளர்ந்திருந்தது.

"அந்த மூணாம் நம்பர்ல ரெண்டு நாள் படுத்துக்கறோம்ங்க. உடம்பு சரியில்லாதவ" என்று பைண்டர் கெஞ்சினார்.

"மூணுல படுத்தா அத்துமீறல். பதினாலுல படுக்கலைன்னா, ஒதுக்கின மனைய உபயோகிக்கலைன்னு எழுதிடுவேன். ரெண்டுக்கும் நோட்டீஸ் உண்டு" என்றார் காவலர். கோபமில்லாமல் சொன்னார். பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

அதற்குள் மச்சான் படகைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் துடுப்பைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். "பதினாலுக்குத்தான சீட்டு? ஏறுங்க. கம்பத்துல படகைக் கட்டிட்டு ரெண்டு நாள் படுங்க. சட்டமும் ஆச்சு, சந்தோஷமும் ஆச்சு." மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு காலைப் படகில்கூட வைத்துவிட்டாள்.

பைண்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். சீட்டில் 'கூடாரம்' என்றுதான் இருந்தது, படகு என்று இல்லை. "ஒரு சின்னத் தப்புதான். எழுதிக் குடுத்தா சரி பண்ணிடுவாங்க. சரியான இடத்துல, யாருக்கும் பயப்படாம நிம்மதியா படுக்கலாம் நீ."

"விடுங்க. எதையாவது எழுதிக்கிட்டு. இப்ப என்ன குறைஞ்சுபோச்சு?" என்றாள் அவள்.

"எழுதாதீங்க மாப்ள" என்றார் மச்சான். இப்போது அவர் சிரிக்கவில்லை.

பைண்டர் எழுதினார். அன்றைக்கே மனைவியோடு ஊர் திரும்பி, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல தாளில் மார்ஜின் விட்டு எழுதினார். 'மனை எண் 14-க்கும் ஏரித் தண்ணீருக்கும் இடையே முரண்பாடு இருப்பதால், அதை விரைவில் சரிசெய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அதைக்கூடவா எழுத வேண்டும் என்று நினைத்தார்.

வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு வந்த முதல் மனு அது. அலுவலகமே பரபரத்துப்போனது. விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு ஏரியைப் போய்ப் பார்க்க ஓர் உபகுழு. உபகுழு கரையில் நிற்க நிழற்பந்தல். மூன்றாவது வாரம் இயக்குநரே பைண்டரைக் கூப்பிட்டனுப்பி நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார்.

"உங்க மனு ரொம்ப நியாயமான மனு" என்றார் இயக்குநர். "மனையும் தண்ணியும் ஒரே இடத்துல இருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. சரிதானே?"

"சரிங்க."

"வரைபடம் அரசிதழ்ல வந்தாச்சு. ஏரி எந்த அரசிதழ்ல வந்திருக்கு?"

பைண்டர் தான் தைத்துக் கட்டிய அரசிதழ்களை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"பார்த்தீங்களா! வரைபடத்தை மாத்தணும்னா ஏழு துறை கையெழுத்துப் போடணும். அதுல ரெண்டு துறைய இப்ப கலைச்சுட்டாங்க. தண்ணிய மாத்தறதுக்கு என்ன? ஒரு மதகைத் திறந்தாப் போதும். வரைபடத்துல எந்த அளவு இருக்கோ அந்த அளவுக்கு ஏரிய கொண்டுவந்துடறோம்."

 மச்சானின் வலை, படகு, ஜன்னலுக்கு வெளியே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனைவி, எல்லாம் ஒன்றாகப் பைண்டரின் கண்ணுக்குள் வந்தன. மேஜைமேல் இருந்த வரைபடப் பதிவேட்டைப் பார்த்தார். அவரே கட்டியது, முதுகுத் துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஐயா, ஒரு வார்த்தை. அந்தப் பதிவேட்டை என்கிட்ட குடுங்க. அந்த ஒரு தாளைப் பிரிச்சு, சரியா வரைஞ்ச தாளை வெச்சுத் தைச்சுத் தர்றேன். பத்து நிமிஷ வேலை. தையல்கூடத் தெரியாது."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இயக்குநரின் முகம் சிவந்தது.

"அரசு ஆவணத்தைத் திருத்தச் சொல்றீங்களா? படிச்ச மனுஷன் மாதிரி இருக்கீங்க! ஏரி இன்னிக்குப் போனா நாளைக்கு மழை பெய்ஞ்சு வந்துடும். ஒரு தாள் போனா திரும்ப வருமா?"

முப்பது வருடமாக இதையேதான் பைண்டரும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்தார். 

மறுநாள் மனுவைத் திரும்பப் பெற ஓடினார். உதவி இயக்குநர் அன்பாகவே பேசினார். "திரும்ப வாங்கிக்கலாம், தாராளமா வாங்கிக்கலாம். ஆனா மனு முடிவான பிறகுதான் அதுக்குப் படிவம் குடுப்போம். நடந்துக்கிட்டிருக்கிற மனுவ நடுவுல நிறுத்தினா, மக்கள் குறைய நாங்க காது குடுத்துக் கேக்கறதில்லைன்னு பேராயிடும் பாருங்க."

மதகு திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டினார்கள். கத்தரிக்கோல் தட்டில் வந்தது. மச்சான் போய் மதகுக்கு முன்னால் குறுக்கே நின்றார். "இதுல நாப்பது குடும்பம் சாப்பிடுதுய்யா" என்று கத்தினார். மதகுக்கு முன்னால் நிற்பதற்கு அவரிடம் அனுமதி இல்லாததால் காவலர் வந்து தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். மச்சான் கூட்டத்தில் பைண்டரைத் தேடிப் பார்த்தார். பைண்டர் பந்தல் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த வெட்கத்துக்கு இதுவரைக்கும் அவரிடம் வார்த்தை இல்லை.

மதகின் துருப்பிடித்த இரும்புப் பலகையைக் கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தார்கள். தண்ணீர் பாய்ந்தது. கைதட்டினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வரைபடத்தின் கோட்டுக்கு வந்து சேர்ந்தது. மதகை மூடப் போனார்கள். மூட முடியவில்லை. மதகைத் திறக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இருந்தது. மூடும் அதிகாரம் நீர்ப் பராமரிப்புத் துறைக்கு. சுழற்றும் கைப்பிடியும் அவர்களிடம்தான் இருந்தது. வாரியம் கடிதம் போட்டது. துறை, தண்ணீர் இருக்கும் ஏரிகளின் மதகுகளை மட்டுமே தான் பராமரிப்பதாகவும், தண்ணீர் இருப்பதற்குச் சான்று அனுப்பும்படியும் பதில் போட்டது. சான்று தயாரான ஒன்பதாம் நாள் ஏரியில் தண்ணீர் இல்லை. எல்லாம் ஓடி, யாருக்கும் ஆகாத பொட்டலில் பரவி, இரண்டே வெயிலில் காய்ந்துபோனது. சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த வாரம் முழுக்க ஊரில் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை, அவ்வளவு நாற்றம்.

வாரியம் அறிக்கை வெளியிட்டது: நாற்பது மனைகளும் உபயோகத்துக்கு வந்துவிட்டன.

பைண்டருக்குக் கடிதம் வந்தது. மனை எண் பதினான்கு தயார். முதல் முகாமை அவர் குடும்பமே தொடங்கிவைக்க வேண்டும். வரத் தவறினால் பொய் மனு கொடுத்ததாகக் கருதப்படும். மனைவிக்கு அறுவை சிகிச்சை அடுத்த வாரம் என்று அவர் எழுதிப் பார்த்தார். சிகிச்சைக்கு முன் ஓய்வு நல்லது என்று வாரியம் பதில் எழுதியது.

போனார்கள். ஏரி இருந்த இடத்தில் வெடித்த மண் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கிடந்தது. பதினான்காம் எண் கம்பத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கூடாரத்தைக் காவலரே கட்டிக்கொடுத்தார். இயக்குநர் மேடை ஏறினார்.

"ஒரு சாதாரண மனுஷன். புத்தகம் தைக்கிறவர். ஒரே ஒரு வரி எழுதினார்; நாங்க ஒரு ஏரியவே அப்புறப்படுத்திட்டோம்! இதைவிட மக்கள் குரலுக்கு மதிப்புக் குடுக்கிற வாரியத்தை நீங்க எங்க பார்க்க முடியும்? சில பேர் குதர்க்கமா கேக்கறாங்க, ஏரி எங்க போச்சுன்னு. ஏரி எங்கயும் போகல. எங்க வரைபடத்துல பத்திரமா இருக்கு. அங்க அது வத்தாது, பொங்காது, யாரையும் முழுகடிக்காது. இயற்கைய இவ்வளவு பாதுகாப்பா இதுக்கு முன்னாடி யார் வெச்சிருந்தா?"

கைதட்டல் முடிந்ததும் அனுபவப் படிவம் கொடுத்தார்கள். 'நீர்க்காட்சி: திருப்தி / மிகத் திருப்தி.' இயக்குநர் படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது.

கொஞ்ச தூரத்தில் மச்சானின் படகு சேற்றோடு ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. இருபத்திரண்டாம் மனையில் அனுமதியின்றிப் படகு நிறுத்தியதற்கு அதன்மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மச்சான் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பைண்டரை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பைண்டர்தான் வலியப் பேச்சுக் கொடுத்தார்.

"மச்சான்... அந்த நோட்டீஸுக்கு வேணும்னா ஒரு பதில் எழுதி..."

"வேணாம் மாப்ள. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நீங்க எழுதாதீங்க. நீங்க இன்னொரு வரி எழுதினா மழையவும் நிறுத்திடுவாங்க."

பைண்டரின் மனைவி அதுவரைக்கும் கூடார வாசலில் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். "அம்மா, மனைய விட்டு வெளிய போகக்கூடாது, ரெண்டு நாளைக்கு" என்று காவலர் சொன்னதை அவள் காதில் வாங்கவேயில்லை. வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்துபோய் அண்ணனின் படகில் ஏறி, பலகைமேல் காலை நீட்டிப் படுத்தாள். அண்ணன் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அவள் தலைக்கு அடியில் வைத்தார். அவள் ஓசையில்லாமல் அழுதாள்.

பைண்டருக்கு ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.  சுண்ணாம்புக் கோடு வரைக்கும் வந்தார். கோட்டின் விளிம்பில் செருப்பு நுனி பட்டதும் நின்றார்.

"அங்க போய் அவகிட்ட உட்கார்ந்துட்டு வந்துடறேன்ங்க" என்று காவலரிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். ஒரு மனு மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் காவலர்.

படகிலிருந்து மனைவி தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைண்டர் அதைக் கவனிக்கவில்லை. அனுபவப் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை முழங்கால்மேல் வைத்து, மார்ஜினுக்கு இடம் விட்டு, மடித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.